லீட் வாய்ஸ்

அருணகிரிக்கு முதன்முதலில் வயிறு எரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினொரு மணி வாக்கில். அவர் வீட்டு வாசலில் மூன்று அரசாங்கக் கார்கள் வந்து நின்றன. சாலிகிராமத்தின் அந்தத் தெருவில் ஒரு கார் நிற்கவே இடம் கிடையாது. இஸ்திரி வண்டிக்காரர் முனகிக்கொண்டே வண்டியை நகர்த்திக்கொண்டார். அருணகிரி சட்டையை மாட்டி, தலையை வாரி, தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஐந்தாறு நாட்களாக இந்தக் கார்களுக்காகத்தான் காத்திருந்தார்.

"வனஜா மேடம் வீடு இதுதானே?" என்று கேட்டாள் முதல் காரிலிருந்து இறங்கிய பெண்.

"வனஜா என் மனைவி. அருணகிரி நான்தான்," என்றார் அவர், அடிவயிற்றுக் குரலில்.

"தெரியும் சார். குரலைக் கேட்டாலே தெரியுது. மேடம் இருக்காங்களா?"

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். பத்து நாளைக்கு முன்னால், நிலாவையும் தாண்டிச் சற்றுத் தள்ளி, ஒரு கலம் வந்து நின்றது. உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் எண்களையும் சூத்திரங்களையும் அனுப்பிப் பார்த்தார்கள். பதில் இல்லை. நான்காம் நாள் கலம் தானாகவே பேசியது. தமிழில் பேசியது. அதுவும் நீங்களும் நானும் பேசுகிற தமிழ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ஓடுகிற டப்பிங் படத் தமிழ். "அடக் கடவுளே! நண்பர்களே, நாங்கள் வந்துவிட்டோம்" என்பதுதான் அவர்களுடைய முதல் வாக்கியம். உலகமே வாயைப் பிளந்தது. வடபழனி டப்பிங் தியேட்டர்களில் மட்டும் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குக் கண் கிடையாது, குரலை வைத்துத்தான் ஆளை அறிகிறார்கள் என்று மறுநாள் செய்தி வந்தபோது, அருணகிரி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். சந்தோஷத்தில்தான். அந்த வகைப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கம்பெனி வாங்கி, ஒரே குழுவை வைத்துத் தமிழ்ப்படுத்தியது. 'ஏழாம் கிரகத்து எமன்', 'பறக்கும் தட்டில் பத்து நாள்', 'அமாவாசை அரக்கர்கள்' என்று மொத்தம் நாற்பத்தொரு படம். நாற்பத்தொன்றிலும் கதாநாயகன் பேசியது அருணகிரியின் குரலில். தளபதியோ, விண்வெளி வீரனோ, துப்பாக்கி தூக்கியவன் எவனானாலும் அவர்தான். வசனகர்த்தா சிங்காரம் அவருக்கென்றே ஒரு வரி வைத்திருந்தார்: "மன்னிச்சுக்கோ ராசா, நேரம் முடிஞ்சுபோச்சு." அந்த வரிக்கு விசில் பறக்கும். ஆனால் சுவரொட்டியில் இருப்பது எவனோ ஒரு வெள்ளைக்காரன் முகம். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அந்த வரியைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பான். அதைப் பேசியவரின் காலை மிதித்துக்கொண்டே. முப்பது வருடம் இப்படி. இப்போது முகமே தேவைப்படாத ஒரு ஜனம் வானத்திலிருந்து வந்திருக்கிறது என்றால் மனிதர் அழாமல் என்ன செய்வார்?

வந்தவள் பெயர் டாக்டர் ஷமீமா. பேச்சுவார்த்தைக் குழுவின் தலைமை அவள்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். சமையலறையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வனஜாவின் எதிரே, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவங்க நாடோடி ஜனம் மேடம். நம்ம பக்கமா வந்தப்ப ஒரு டிவி சேனல் சிக்னல் அவங்க காதுல விழுந்திருக்கு. கீழேருந்து சாட்டிலைட்டுக்கு அனுப்பறப்ப குறி கொஞ்சம் தப்பி, மிச்சம் வானத்துல போயிட்டே இருந்திருக்கு. பதினேழு வருஷமா கேட்டிருக்காங்க. படம் அவங்களுக்கு வெறும் இரைச்சல். சத்தம் மட்டும்தான்."

"நியூஸு, சீரியல் எல்லாமா?" என்றாள் வனஜா.

"அதெல்லாம் பிடிக்கலையாம். வேற்றுக்கிரகவாசி வர்ற படம் மட்டும் ஒண்ணு விடாம கேட்டிருக்காங்க. நம்மளப் பத்தி எவனாவது பேசினா நாமளும் காதைத் தீட்டிக்கிட்டுத்தானே கேப்போம்? எல்லாமே நெசம்னு நினைச்சிட்டாங்க. அவங்களுக்கு ஒரு குரல்னா ஒரு ஆள். நாப்பத்தொரு கதையிலயும் ஒரே பையன் வர்றான். வளரவே மாட்டேங்கறான். ஒவ்வொரு தடவையும் அவங்க ஆளுக்குச் சோறு போடறான், ஒளிச்சு வைக்கறான், அழறான். அந்தப் பையனைப் பாக்கத்தான் வந்திருக்காங்க."

வனஜா கத்தியைக் கீழே வைத்தாள்.

சின்னப் பையன்களுக்குப் பெண்கள்தான் டப்பிங் பேசுவார்கள். நிஜப் பையனை மைக் முன்னால் நிறுத்தினால் ஒரு இடத்தில் நிற்க மாட்டான். நிற்கப் பழகுவதற்குள் மீசை முளைத்துக் குரல் உடைந்துவிடும். அந்த நாற்பத்தொரு படத்திலும் பையன் வனஜாதான். தொழிலில் கதாநாயகனுக்குப் பேசுவது லீட் வாய்ஸ், இது பிட் வாய்ஸ். படத்துக்குப் பத்து வரி, பன்னிரண்டு வரி. கணவருக்கு வேலை முடியும்வரை தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் உள்ளே போய் அரைமணியில் பேசிவிட்டு வருவாள். அவளுக்கு இப்போது வயது ஐம்பத்தாறு.

"அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் 'கிணற்றுக்குள் ஒரு கிரகம்'. அதுல கடைசியில, கிணத்துல ஒளிஞ்சிருந்த அவங்க ஆள் கெளம்பறப்ப, பையன் ஒரு வார்த்தை சொல்றான்..."

"போயிட்டு வா. வர்றப்ப தனியா வராத, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா," என்றாள் வனஜா. குரல் எட்டு வயசுக்கு இறங்கியிருந்தது. உடனே வெட்கப்பட்டாள். "இங்கிலீஷ்ல 'போயிட்டு வா' மட்டும்தாம்மா. பையன் வாய் இன்னும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சும்மா விட முடியுமா? நானா ரொப்பினது."

"கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க மேடம். எண்ணூறு பேர்."

இதையெல்லாம் அருணகிரி வாசற்படி நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "என்னைப் பத்தி ஏதாவது...?" என்றார்.

ஷமீமா கையிலிருந்த கோப்பைப் பார்த்தாள். "உங்களையும் அவங்களுக்கு நல்லாத் தெரியும் சார்," என்றாள். கோப்பை மூடிவிட்டு வனஜா பக்கம் திரும்பினாள்.

தரமணியில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் பேச்சறை அமைத்தார்கள். தினமும் காலை பத்து மணிக்குக் கார் வரும். பின் இருக்கையில் வனஜா. அவளுக்குத் துணையாக அருணகிரி. துணை என்ற வார்த்தை அவருடைய அடையாள அட்டையிலேயே அச்சாகியிருந்தது. உள்ளே அவள் மைக் முன்னால் உட்காருவாள். வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இவர் காகிதக் கோப்பைத் தேநீரோடு உட்காருவார். சிவப்பு விளக்கு எரிந்தால் மூச்சுவிடக்கூடாது என்பது கண்டிப்பு. "குறிப்பா நீங்க சார்," என்று ஷமீமா ஒரு தடவை சொன்னாள். தன் குரல் கனமானது, சுவர் தாண்டும் என்பதால் சொல்கிறாள் என்று அவர் பெருமையாக எடுத்துக்கொண்டார்.

பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"பையா, நீ சாப்பிட்டாயா?" என்று கலம் கேட்கும்.

"சாப்பிட்டேனே. இட்லி. நீங்க?"

இவள் பேசி முடித்து, அவர்கள் பதில் வர மூன்று நொடி ஆகும். அவ்வளவு தூரம். "நாங்கள் ஒளியைச் சாப்பிடுகிறோம். அது சூடாக இருக்கிறது, நண்பா. இட்லி என்ன சத்தம் போடும்?"

"இட்லி சத்தமே போடாது. அதான் அதுல விசேஷம்."

எண்ணூறு பேரும் சிரிப்பார்கள். தாம்பாளத்தில் மணலைக் கொட்டிய மாதிரி ஒரு சத்தம். வனஜா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு சிரிப்பாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கு நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைப்பது போல இருக்கும். முப்பத்திரண்டு வருட தாம்பத்தியத்தில் அவள் காலை ஆட்டி அவர் பார்த்ததில்லை.

வெளியிலும் ஆறுதல் கிடையாது. பத்திரிகையில் அவளுடைய படம் வந்தது. ஓரத்தில் ஒரு தோள்பட்டை தெரிந்தது, அது இவருடையது. பெங்களூரிலிருந்து மகள் ஃபோன் செய்தால், "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்பதுதான் முதல் பேச்சு. இஸ்திரி வண்டிக்காரர் வனஜாவின் புடவைகளுக்குக் காசு வாங்க மறுத்தார். இவருடைய வேட்டிக்கு வாங்கிக்கொண்டார். இவளை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்ததே நான், மைக்குக்கு எவ்வளவு தள்ளி நிற்பது என்று சொல்லிக்கொடுத்ததே நான் என்று அவர் கார் டிரைவரிடம் சொன்னார். டிரைவர் நல்ல மனிதர், தலையை ஆட்டினார்.

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை அவர்கள் தன் குரலைக் கேட்க வேண்டும். கேட்டு, "ஓ, நீங்களா!" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முப்பது வருடத்துக்கு ஒரு "நீங்களா". அதுவும் கிடைக்காமல் செத்துப்போனால் தான் வாழ்ந்ததற்கு என்ன அடையாளம் என்று அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

இருபதாம் நாளோ என்னவோ, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேசைமேல் கிடந்த ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார். அந்தச் சமயம் பார்த்துக் கலம் கேட்டது:

"பையா, அந்த மனிதர் அங்கே இருக்கிறாரா? கனத்த குரல்காரர்?"

அருணகிரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கண்ணாடி வழியாக வனஜா அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, பையன் குரலில், கொஞ்சமும் பிசிறில்லாமல் சொன்னாள்:

"இல்லியே. இங்க யாருமில்ல. நான் மட்டும்தான் இருக்கேன்."

அன்றைக்கு வீடு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எதுங்க?"

"நடிக்காத. என்னைப் பத்திக் கேக்கறாங்க. நீ இல்லேங்கற."

வனஜாவின் முகம் மாறியது. "தினமும்தான் கேக்கறாங்க," என்றாள் மெதுவாக.

"தினமுமா! ஏண்டி, தினமும் என்னைக் கேக்கறாங்க, நீ மூடி மறைச்சுக்கிட்டு இருக்கியா?"

"டாக்டரம்மா சொன்னதாலதாங்க. நேரம் வர்றப்ப சொல்லிக்கலாம்னு..."

"டாக்டரம்மா சொன்னாங்களா, நீ சொல்லச் சொன்னியா? எங்க நான் வந்துட்டா உன்னை ஓரங்கட்டிடுவாங்களோன்னு பயம். பெஞ்சுல உக்காந்திருந்தவளுக்கு மைக்கு கெடைச்சிருச்சு, விட மனசு வரல."

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்தது அவருக்கே தெரிந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, வாயை மூடிக்கொண்டாள். "சாப்பிட வாங்க," என்றாள். அவர் சாப்பிடவில்லை. சண்டையில் அவள் வாயடைத்துப் போனாலே தான் சொன்னது நிஜம் என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

அடுத்த வாரம் கலம் இறங்குவதாக முடிவாயிற்று. எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம் என்று பெரிய பெரிய நாடுகள் எல்லாம் அழைத்தன. கிணறு இருக்கிற இடத்தில்தான் இறங்குவோம், பையன் கிணற்று மேட்டில் நிற்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வயற்கிணறு பார்த்துச் சுத்தம் செய்தார்கள். தான் பையன் இல்லை என்பதை அவர்கள் பக்கத்தில் வந்த பிறகு, கையைப் பிடித்துக்கொண்டு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வனஜா நினைத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமை பேச்சு கடைசிப் பேச்சு. திங்கட்கிழமை நேரில் சந்திப்பு.

"பையா, நாங்கள் இறங்கும்போது எங்களுக்கு என்ன தருவாய்?"

"கயிறு கட்டி வாளியில சோறு இறக்கித் தருவேன். அதான எப்பவும்?"

மணல் கொட்டிய சிரிப்பு. அப்போது ஷமீமாவுக்கு டெல்லியிலிருந்து ஃபோன் வந்தது. அவள் எழுந்து நடைபாதைக்குப் போனாள். இயந்திரங்களைக் கவனித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அருணகிரி எழுந்தார். கதவைத் திறந்தார். முப்பது வருடமாகச் சத்தமில்லாமல் தியேட்டர் கதவைத் திறந்து பழகிய கை அது. மேசையில் இரண்டாவது மைக் ஒன்று இருந்தது. வனஜா நிமிர்ந்து பார்த்து, கண்களை அகல விரித்து, கையை உயர்த்தி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். அந்தக் கையைப் பார்த்ததும் அவருக்கு மீதி இருந்த கொஞ்சம் தயக்கமும் போயிற்று. ஒரு வரிதான் பேச முடியும். அதற்குள் பிடித்து இழுத்துவிடுவார்கள். அவர்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும்படி எதைச் சொல்வது? அதில் யோசிக்க என்ன இருக்கிறது? மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்று, அடிவயிற்றிலிருந்து எடுத்து, தன் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த டேக்கைக் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கோ ராசா. நேரம் முடிஞ்சுபோச்சு."

மூன்று நொடி. அந்த மூன்று நொடியும் அருணகிரி சந்தோஷமாக இருந்தார். பிற்பாடு அவர் எதை மறந்தாலும் அதை மறக்க முடியவில்லை.

"ஐயா," என்றது கலம். "உங்களை எங்களுக்குத் தெரியும்."

அவருக்குக் கண் நிறைந்தது.

"எங்களை நீங்கள் நாற்பது முறை கொன்றிருக்கிறீர்கள். கிணற்றில் மட்டும் தப்பித்தோம். அந்த வார்த்தைக்குப் பிறகு என்ன சத்தம் வரும் என்று எங்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஐயா, பையனை ஒன்றும் செய்யாதீர்கள். அவன் குழந்தை. நாங்கள் போய்விடுகிறோம். அதுதானே நீங்கள் எப்போதும் கேட்பது? திரும்ப வரமாட்டோம். அவனை விட்டுவிடுங்கள்."

வனஜா மைக்கை இரண்டு கையாலும் பற்றினாள். "இல்ல! நான் நல்லாத்தான் இருக்கேன்!" என்று கத்தினாள். கத்தியது ஐம்பத்தாறு வயதுப் பெண்ணின் குரல். பதற்றத்தில் அவளுடைய சொந்தக் குரல்தான் வந்தது. அந்தக் குரலில் அவள் எந்தப் படத்திலும் பேசியதில்லை. யாரும் பேசக் கூப்பிட்டதில்லை.

மூன்று நொடி.

"அம்மா, நீங்கள் யார்? பையன் எங்கே?"

அவள் மூச்சை இழுத்தாள். கண்ணை மூடினாள். மறுபடி முயன்றாள். காற்று வந்தது, குரல் வரவில்லை. அருணகிரி ஏதோ விளக்கம் சொல்ல மைக் பக்கம் குனிந்தார். அவள் அவருடைய வாயைக் கையால் பொத்தினாள்.

"பையா?" என்றது கலம். "பையா, இருக்கிறாயா?"

பிறகு எண்ணூறு பேரும் சேர்ந்து ஒரு சத்தம் போட்டார்கள். அது சிரிப்பு இல்லை என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஷமீமா ஓடி வந்தபோது திரையில் கலத்தின் புள்ளி நகர ஆரம்பித்திருந்தது.

"ஏன் சார்?" என்றாள் ஷமீமா. அவளுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. "உங்க குரலுக்குத்தான் சார் பயந்துக்கிட்டே இருந்தாங்க. நீங்க பக்கத்துல இருந்தா வரமாட்டோம்னாங்க. அதனாலதான் தினமும் கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டாங்க."

"எங்கிட்ட... எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"நான் முதல் நாளே சொல்றேன்னுதான் சொன்னேன். மேடம்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு வேண்டாம்னாங்க."

அருணகிரி திரும்பிப் பார்த்தார். வனஜா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "முப்பது வருஷமா யாராவது உங்களை அடையாளம் கண்டுக்க மாட்டாங்களான்னு இருந்தீங்க," என்றாள், தரையைப் பார்த்தபடியே. "கண்டுக்கிட்டவங்களும் இப்படித்தான் கண்டுக்கிட்டாங்கன்னு எப்படிங்க சொல்றது? மனசு விட்டுப்போயிருவீங்கன்னு நினைச்சேன்."

தொழில்நுட்பக் கோளாறு காரணமாகச் சந்திப்பு ஒத்திவைக்கப்பட்டிருப்பதாக அரசாங்கம் அறிவித்தது. கோளாறு சாலிகிராமத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வழக்குப் போடலாமா என்று மேலிடத்தில் பேசினார்கள். என்னவென்று போடுவது என்று யாருக்கும் தெரியாததால் விட்டுவிட்டார்கள்.

பையன் குரல் வனஜாவுக்கு நான்காம் நாள் திரும்பி வந்தது. அன்றைக்கே தரமணிக்குப் போய் உட்கார்ந்தாள். "நான் நல்லா இருக்கேன். ஒண்ணும் ஆகல. பயப்படாதீங்க, திரும்பி வாங்க" என்று பேசி அனுப்பினாள். பதில் இல்லை. மறுநாளும் அனுப்பினாள். கலம் செவ்வாயைத் தாண்டியது, வியாழனைத் தாண்டியது. அனுப்பிக்கொண்டே இருந்தாள். அருணகிரி காலையில் எழுந்து அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். கார்வரை கூடப் போனார். பொறாமை எல்லாம் வடிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் அவள் அந்த எட்டு வயதுக் குரலில், எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறவர்களிடம் திரும்பி வாங்க, திரும்பி வாங்க என்று கெஞ்சுவதைக் கேட்கும்போது, என்னிடம் ஒருநாளாவது இப்படிக் கேட்டிருப்பாளா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் வெட்கம் வந்தது.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. இருவரையும் கூட்டிவரும்படி ஷமீமா கார் அனுப்பினாள். பேச்சறையில் இரண்டு ஹெட்ஃபோன் வைத்திருந்தாள்.

"பதில்னு சொல்ல முடியாது," என்றாள். "நமக்குன்னு அனுப்பினதும் இல்ல. அவங்க சின்னப் பிள்ளைங்களுக்குப் போட்டது, நம்ம காதுல விழுந்திருக்கு. ஒரு படம் எடுத்திருக்காங்க. அவங்க எடுத்தா சத்தம் மட்டும்தானே? நாப்பது நிமிஷம் ஓடுது."

"என்ன படம்மா?" என்றாள் வனஜா.

"வேற்றுக்கிரகவாசி படம் மேடம். பூமின்னு ஒரு கிரகத்துல ஒரு பூதம் இருக்கு."

போட்டாள். முதலில் மணல் சரிகிற சத்தம், கூட்டமாக. யாரோ கதை சொல்கிறார்கள். பிறகு எல்லாம் அடங்கி, இருட்டில் நிற்கிற மாதிரி ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில் அருணகிரி பேசினார். பழைய படங்களிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகக் கத்தரித்துச் சேர்த்திருந்தார்கள். நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் அவர்தான். அழைத்தார், உறுமினார், சிரித்தார். "மன்னிச்சுக்கோ ராசா" வந்தபோதெல்லாம் சின்னச் சின்ன மணற்சத்தங்கள் சிதறி ஓடின. பையன் மூன்று இடத்தில் பேசினான். மூன்றாவது இடத்தோடு அவன் குரல் நின்றுபோயிற்று.

படம் அத்தோடு முடியவில்லை. கடைசியில், வெகுதூரத்திலிருந்து, பையன் மறுபடி பேசினான். "நான் நல்லா இருக்கேன். ஒண்ணும் ஆகல. பயப்படாதீங்க, திரும்பி வாங்க." வனஜா ஐந்து மாதமாக அனுப்பிய குரல். அதைக் கேட்டதும் கதை சொல்கிறவர், அந்தப் பழைய படங்களில் வருகிற மாதிரியே, டப்பிங் தமிழில் மூன்றே வாக்கியம் சொன்னார்:

"குழந்தைகளே, ஏமாறாதீர்கள். பூதம் பையனின் குரலைத் தின்றுவிட்டது. இப்போது அந்தக் குரலில் பேசுவதும் பூதம்தான்."

ஷமீமா நிறுத்தினாள். "அவங்க பிள்ளைங்களுக்கு இப்ப ரொம்பப் பிடிச்ச படம் இதுதான் போல. திரும்பத் திரும்பப் போடறாங்க," என்றாள்.

வனஜா ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, மேசையில் வைத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"நல்லா வந்திருக்குங்க உங்க குரல்," என்றாள்.

கேலி இல்லை. தொழில் தெரிந்தவள், கேட்டதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, இனிமேல் கார் அனுப்ப வேண்டாம் என்று ஷமீமாவிடம் கேட்டுக்கொண்டு, மெதுவாக மாடிப்படி இறங்கிப் போனாள். அருணகிரி ஹெட்ஃபோனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.